ஐரோலியிலிருந்து ஐரோப்பாவுக்கு

ஐரோலிக்கும் ஐரோப்பாவுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்று. அதைத் தாண்டி இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது எங்கள் சொசைட்டியிலிருந்தே வருஷத்துக்கு நாலைந்து குடும்பங்கள் கிளம்புகின்றன. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒற்றை அறையில் ஆரம்பித்து, தானே க்ரீக்கைத் தாண்டி வந்து இரண்டு பெட்ரூம் ஃபிளாட் வாங்கிய தலைமுறை இது. பிள்ளைகளைக் கரையேற்றியாகிவிட்டது. பி.எஃப். பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. முட்டி இன்னும் ஒத்துழைக்கிறது. இப்போது போகாமல் எப்போது?

ஐரோலிக் கரைக்கு வருஷா வருஷம் ஃபிளமிங்கோக்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. மழைக்கு முன் கிளம்பிவிடுகின்றன. அவற்றுக்கு பாஸ்போர்ட், விசா, இன்ஷூரன்ஸ் எதுவும் வேண்டாம். நமக்கு வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது, வாங்கியதைப் படிக்கவும் வேண்டும். இங்கேதான் வழுக்கிவிடுகிறோம்.

எங்கள் கட்டடத்து மாமாவும் மாமியும் ஒரு ஜூன் மாதம் பதினாலு நாள் பயணம் கிளம்பினார்கள். பத்தாம் நாள் விடியற்காலையில் டாக்சியில் வந்து இறங்கினார்கள். வாட்ச்மேன் உட்பட யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாமியின் முகம் அப்படி இருந்தது.

மாமா ஒரு பொதுத்துறை வங்கியில், அந்நியச் செலாவணிப் பிரிவில், முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். ஏற்றுமதிக்காரர்கள் கொண்டுவரும் லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூடத் திருப்பி அனுப்பியவர். அப்பேர்ப்பட்டவர் தன் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த உள்ளங்கை அகல விசாவைப் படிக்கவில்லை.

முதல் ஏற்பாடு பாரீஸ் ஐந்து நாள், அங்கிருந்து ஸ்விட்சர்லாந்து ஒன்பது நாள். அதற்கேற்ற விசாவும் வந்துவிட்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டைனிங் டேபிளில், லண்டனில் இருக்கும் அக்கா பெண்ணின் பேச்சு வந்தது. "இவ்வளவு தூரம் போயிட்டு அவளைப் பார்க்காம வந்தா நன்னாருக்குமா?" நன்றாக இருக்காதுதான். பிரிட்டிஷ் விசா தனியாக வாங்கினார்கள். பாரீஸ் நாலு நாள், லண்டன் ஐந்து நாள், கடைசி ஐந்து நாள் ஸ்விட்சர்லாந்து என்று திட்டத்தை மாற்றினார்கள். லண்டனிலிருந்து ஜூரிக் விமானத்துக்கு ஹீத்ரோவில் க்யூவில் நின்றபோது, கவுண்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "உங்கள் விசா உபயோகமாகிவிட்டது" என்றாள்.

"ஜூலை 3 வரை இருக்கிறதே?" என்றார் மாமா.

தேதி இருந்தது. நுழைவு இல்லை. 'நம்பர் ஆஃப் என்ட்ரீஸ்' என்ற இடத்தில் 1 என்று போட்டிருந்தது. அந்த ஒன்று பாரீஸில் தீர்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். லக்ஸம்பர்க் நாட்டில் ஷெங்கன் என்று ஒரு சிற்றூர். 1985 ஜூன் 14-ம் தேதி ஐந்து நாடுகள் அங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தம் வளர்ந்து, 2025-ல் ருமேனியாவும் பல்கேரியாவும் முழுமையாகச் சேர்ந்தபின், 29 நாடுகள் ஒரே வீடாகிவிட்டன. உள்ளே அறைக்கு அறை போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லை, ஆனால் இந்த வீட்டில் இருக்கிறது. பிரிட்டனும் அயர்லாந்தும் வீட்டுக்கு வெளியே. பிரிட்டன் யூனியனைவிட்டு விலகியதால் வந்த வினை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அது யூனியனில் இருந்த காலத்திலும் ஷெங்கனில் சேர்ந்ததில்லை. ஆகவே பாரீஸிலிருந்து லண்டன் போகிறவர் வாசற்படி தாண்டி வெளியே வந்துவிட்டார். தானேயில் வாஷிக்கு டிக்கெட் எடுத்தவர், நடுவில் ஐரோலியில் இறங்கி வெளியே போய் டீ குடித்துவிட்டு, அதே டிக்கெட்டில் அடுத்த வண்டி ஏறினால் டி.சி. என்ன சொல்வார்? ஹீத்ரோ பெண் சொன்னதும் அதேதான். என்ன, மரியாதையாகச் சொன்னாள்.

லண்டனிலிருந்து மும்பைக்கு, கோடை சீஸனில், அன்றைக்கு அன்றே இரண்டு ஒருவழி டிக்கெட். ஸ்விஸ் ஓட்டலில் கட்டிய பணம் திரும்பாது. 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிற யுங்ஃப்ராயோக் போகும் மலை ரயிலுக்கு முன்கூட்டி வாங்கிய டிக்கெட்டும் போயிற்று. இதையெல்லாம் மாமா கணக்குப் போட்டு ஆற்றிக்கொண்டார். மாமி விஷயம் வேறு. ஐரோப்பாவில் படம் பிடித்த 'சிவந்த மண்' 1969-ல் வந்தபோது, மாட்டுங்கா அரோரா தியேட்டரில் பாவாடை தாவணியில் உட்கார்ந்து பார்த்த நாளிலிருந்து அவளுக்கு ஆல்ப்ஸ் மலைப் பனியைத் தொட்டுப் பார்க்க ஆசை. அதற்காக வாங்கிய இரண்டு ஸ்வெட்டர்களும் விலைச் சீட்டுக்கூடப் பிரிக்காமல் பெட்டியிலேயே திரும்பி வந்தன.

இதில் ஏஜெண்ட்டைத் திட்டி லாபமில்லை. தவறு பாரீஸிலும் நடக்கவில்லை, லண்டனிலும் நடக்கவில்லை. ஐரோலியில், டைனிங் டேபிளில் நடந்தது. ஐரோப்பா போய்வந்தவர்கள் சொல்லும் சோகக் கதைகளைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிளம்பும் முன்பே நடந்து முடிந்தவையாக இருக்கும்.

ஆகவே விசா கைக்கு வந்ததும் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிடுகிறவர்கள், கும்பிட்டு முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு விஷயம் பார்க்கவேண்டும். எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும், எத்தனை நுழைவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை நாள் தங்கலாம். கடைசி இரண்டும் ஒன்று என்று நினைப்பது அடுத்த பள்ளம். பதினாலு நாள் தங்க அனுமதி கொடுத்தால், விமானம் தள்ளிப்போனால் சமாளிக்கட்டும் என்று தேதியில் பதினைந்து நாள் கூட்டிப் போடுவார்கள். மாமாவின் விசாவில் ஜூன் 5 முதல் ஜூலை 3 வரை என்று இருந்தது அதனால்தான். அந்த இருபத்தொன்பது நாளும் இருக்கலாம் என்று அர்த்தமில்லை, அதற்குள் எந்தப் பதினாலு நாளாவது இருக்கலாம். இரவு பதினொரு மணிக்கு இறங்கினாலும் அது ஒரு நாள். விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்பினாலும் அது ஒரு நாள். முன்பெல்லாம் அதிகாரி முத்திரைத் தேதிகளைப் புரட்டிப் புரட்டி எண்ணவேண்டும், சில சமயம் எண்ணமாட்டார். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முத்திரைக்குப் பதில் கைரேகையும் போட்டோவும் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் எண்ணத் தவறாது.

இன்னொரு குறுக்குவழி நம்மவர்களிடம் பிரசித்தம். "அந்த நாடு சீக்கிரம் கொடுத்துவிடும், அங்கே வாங்கி இங்கே போகலாம்." எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அங்கே விண்ணப்பிக்கவேண்டும், எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டில். ஒரு நாட்டின் விசாவோடு வேறு நாட்டில் இறங்கி, ஓட்டல் ரசீது எங்கே என்ற கேள்விக்குத் திருதிருவென்று விழிப்பது நல்ல ஆரம்பமல்ல. ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுக்கவேண்டும். நாமோ பள்ளி லீவு விட்டபிறகு ஏப்ரல் கடைசியில் ஓடுகிறோம். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. மறுத்தாலும் திரும்பி வராது.

அடுத்தது நம் பெயர். இது தமிழனுக்கென்றே உள்ள சங்கடம்.

ஊரில் இனிஷியலோடு நிம்மதியாக இருந்தோம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறார்கள். மும்பைப் பள்ளிக்கூடங்களில் தன் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் தாத்தா பெயரையோ ஊர்ப் பெயரையோ போட்டுக் கட்டத்தை நிரப்பினோம். விளைவு, ஒரே குடும்பத்தில் மாமாவின் சர்நேம் அவர் அப்பா பெயர், மாமியின் சர்நேம் மாமாவின் பெயர், தாத்தா ஊரிலிருந்து வந்து சேர்த்த பெரிய பையனின் சர்நேம் கிராமத்தின் பெயர். பாரீஸ் ஓட்டலில் என்னை ஒரு வாரம் என் அப்பா பெயரைச் சொல்லி அழைத்தார்கள். திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர் பட்டணம்கூடப் பார்க்காதவர்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எப்போதும் இருப்பதில்லை. டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயர் இருக்கவேண்டும். சர்நேம் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டானால், டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்று அந்த விமானக் கம்பெனியிடமே கேட்டுப் போடவேண்டும், ஒவ்வொருவர் வழக்கம் ஒவ்வொரு மாதிரி. வழியில் துபாயில் இரண்டு நாள் இறங்கிவிட்டுப் போகலாம் என்பவர்களுக்கு ஒரு விஷயம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் பரவாயில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. கணவன் மனைவிக்கு வேறு வேறு சர்நேம் என்றால் கல்யாண சர்ட்டிஃபிகேட்டின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி மாமியின் முகத்தில் இருக்கிறது என்றாலும், ஆபீஸருக்குக் காகிதம்தான் புரியும்.

திட்டம் போடுவதில் நம் பேராசையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பத்து நாளில் ஏழு நாடு என்றால், பார்ப்பது நாடுகளை அல்ல, பஸ் ஜன்னலை. க்ரூப் டூர் போகிறவர்களுக்கு ஒரு உள்விஷயம் மட்டும் சொல்கிறேன். ஐரோப்பிய யூனியன் சட்டப்படி பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியாகவேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. வண்டியில் உள்ள கருவி இதைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். நம்மில் நாலு பேர் சாக்லெட் கடையிலிருந்து இருபது நிமிஷம் தாமதமாக வந்தால், அந்த இருபது நிமிஷம் சாயங்காலம் பார்க்கவேண்டிய அருவியிலிருந்து கழியும். டிரைவர் கெஞ்சினாலும் மசியாததற்குக் காரணம் திமிர் அல்ல.

தனியாகப் போகிறவர்கள் எந்த ஊரில் எது என்றைக்கு மூடியிருக்கும் என்று பார்க்காமல் கிளம்புகிறார்கள். பாரீஸின் லூவர் மியூசியம் செவ்வாய்க்கிழமை கிடையாது. வாட்டிகன் மியூசியம், மாதக் கடைசி ஞாயிறு தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் கிடையாது. மிலானில் லியோனார்டோ டாவின்ஸியின் 'கடைசி விருந்து' ஓவியத்தைச் சின்னச் சின்னக் கூட்டமாக உள்ளே விட்டு, பதினைந்து நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். பல வாரம் முன்னால் சீட்டு வாங்காதவர்கள் தேவாலயத்தின் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டு வரலாம். இன்னொன்று. லூவரில் 2026 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ என்று கட்டணத்தை உயர்த்தியிருக்கிறார்கள். என் நண்பர் ஒருவர் இதை இனவாதம் என்று கொதித்தார். தாஜ்மகாலில் வெள்ளைக்காரர்களிடம் நாம் வாங்குவது எவ்வளவு என்று கேட்டேன். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இனி தாராவி அண்ணாச்சி. அவர் இப்போது ஐரோலிக்காரர் என்றாலும் தோல்பை தயாரிக்கும் பட்டறை இன்றைக்கும் தாராவியில்தான். மிலான் நகருக்கு வெளியே ரோ என்ற இடத்தில் லினியாபெல்லே என்று பெரிய தோல் கண்காட்சி நடக்கும். ஆர்டர் பிடிக்கலாம் என்று இரண்டு பெட்டி சாம்பிளோடு போனார். முதல் நாளே மெட்ரோ ரயிலில் இடுப்புப் பை காலி. பணம், கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் ஒரே பையில்.

"சார்வாள், நான் தாராவியில பொறந்து வளர்ந்தவன். விரார் ஃபாஸ்ட்டுல பீக் அவர்ல ஏறி எறங்கியிருக்கேன். ஒரு பய எம் பையில கை வச்சதில்ல. அங்க என்னன்னா, சுத்தி நின்னவன்லாம் கோட்டும் ஸ்கார்ஃபுமா இருந்தான். இவங்கள்லாம் திருடுவாங்களான்னு அசந்துட்டேன்."

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரில் நமக்கு இருக்கிற சாமர்த்தியத்தை, விமானம் இறங்கியதும், மரியாதையின் பொருட்டுக் கழற்றி வைத்துவிடுகிறோம். தாதர் ஸ்டேஷனில் முன்பின் தெரியாதவன் வந்து கையில் கயிறு கட்டினால் கையை உதறுவோம். பாரீஸில் சாக்ரே கேர் தேவாலயத்துப் படிக்கட்டில் கட்டினால் புன்னகையோடு நீட்டுகிறோம், பிறகு அவன் கேட்கிற யூரோவைக் கொடுக்கிறோம். பெண்கள் இருவர் அட்டையில் காகிதம் வைத்து ஊமைகளுக்காகக் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போடும்போது மூன்றாமவள் பையைப் பார்த்துக்கொள்வாள். தங்க மோதிரம் கீழே கிடந்தது, உங்களுடையதா என்று ஒருவன் கேட்பான். இதே வித்தை சி.எஸ்.டி. வாசலில் நடந்தால் நாம்தான் மற்றவர்களை எச்சரித்திருப்போம்.

அண்ணாச்சி போலீஸில் எழுதிக்கொடுத்து, மிலானில் உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு அலைந்து, ஊர் திரும்ப மட்டும் உதவும் அவசரச் சான்றிதழ் வாங்குவதற்குள் கண்காட்சி முடிந்துவிட்டது. சாம்பிள் பெட்டிகள் இரண்டும் பிரிக்கப்படாமலே வந்தன. அந்த வருஷம் பட்டறையில் ஆறு பேருக்கு வேலை இல்லை என்று சொன்னபோது அவர் குரல் மாறிவிட்டது.

"எங்க அப்பா திருநெல்வேலியிலருந்து பம்பாய்க்கு வந்தப்ப, ரூவாய வேட்டி மடியில சுருட்டிச் செருகிக்கிட்டு வந்தாரு. ஒரு பைசா போகல" என்றார். அடுத்த தடவை சட்டைக்கு உள்ளே வயிற்றோடு ஒட்டிக் கட்டும் பையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு போனார். பணம் மூன்று இடத்தில். பாஸ்போர்ட், விசா நகல்கள் பெட்டியில் ஒரு செட், மகனிடம் ஒரு செட்.

அந்த இரண்டாம் தடவையும் அவருக்கு ஒரு படிப்பினை காத்திருந்தது. ஃபுளோரன்ஸிலிருந்து, தோல் பதனிடும் ஊரான சாண்டா க்ரோச்சே பக்கம் போக உள்ளூர் ரயில். டிக்கெட் வாங்கினார், ஏறினார், உட்கார்ந்தார். பரிசோதகர் வந்து அபராதம் போட்டார். இத்தாலியில் அந்தந்தப் பிராந்தியத்து ரயில்களின் காகித டிக்கெட்டை ஏறுமுன் பிளாட்ஃபாரத்து மெஷினில் செருகித் தேதி பதித்துக்கொள்ளவேண்டும். பதிக்காத டிக்கெட் வெறும் காகிதம். மும்பைக்காரர்களுக்கு இது புதிதா? ஒரு காலத்தில் லோக்கல் ரயிலுக்குக் கூப்பன் புத்தகம் வாங்கி, ஸ்டேஷன் மெஷினில் பதிக்க மறந்து டி.சி.யிடம் மாட்டாதவர்கள் யார்? "கூப்பன் காலத்துல குர்லாவுல மாட்டினேன், இப்ப இத்தாலில மாட்டினேன்" என்றார் அண்ணாச்சி. ஜெர்மனியில் வேறு விதம். ஸ்டேஷனில் கேட் இல்லை, யாரும் தடுப்பதில்லை, இலவசம் போலத் தோன்றும். திடீரென்று சாதாரண உடையில் ஒருவர் எழுந்து டிக்கெட் கேட்பார். இல்லையென்றால் 60 யூரோ. வெளிநாட்டுக்காரன், தெரியாது என்ற பேச்சு எடுபடாது.

பணம் பற்றி. ஈஃபில் டவர் டிக்கெட்டுக்கு யு.பி.ஐ. செல்லும் என்று 2024 பிப்ரவரியில் செய்தி வந்ததிலிருந்து, ஐரோப்பா முழுக்கப் போனைக் காட்டினால் போதும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. டவருக்கு எதிரே ஐஸ்கிரீம் விற்பவனிடமே அது பலிக்காது. வங்கிக் கார்டும் அப்படியே. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2020 அக்டோபருக்குப்பின் கொடுக்கும் கார்டுகள் நாமாகச் சொல்லித் திறந்தால் ஒழிய இந்தியாவுக்கு வெளியே வேலை செய்யாது. கிளம்பும் முன் திறந்துவிட்டுப் போங்கள், அங்கே போனபின் ஓ.டி.பி. வந்து சேர இந்திய சிம் உயிரோடு இருக்கவேண்டும். கடையிலும் ஏ.டி.எம்.மிலும் "ரூபாயில் கணக்குப் போடட்டுமா?" என்று மெஷின் அன்பாகக் கேட்கும். வேண்டாம், யூரோவிலேயே போடு என்று சொல்லவேண்டும். அந்த அன்புக்கு நூற்றுக்கு இத்தனை என்று விலை உண்டு.

சாப்பாடு விஷயத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்பதால் இரண்டே செய்தி. நெய், பால்கோவா, பனீர் போன்ற பால் பண்டங்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய யூனியனுக்குள் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. 2019 டிசம்பர் முதல் பச்சைக் காய், கனி, இலைகளுக்கும் அரசாங்கச் சான்றிதழ் கேட்கிறார்கள். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கி ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலைக்கு விலக்கு இல்லை. புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் தாராளமாகப் போகலாம். இரண்டாவது, நீங்கள் சுத்த சைவம் என்றால் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மீன் அங்கே பலர் கணக்கில் இறைச்சி இல்லை, காய்கறி சூப்பின் அடியில் எலும்புச் சாறு இருக்கலாம். பார்மெசான் பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளைக் கலந்துதான் பாலைத் திரிக்கிறார்கள். இதை மாமாவிடம் சொன்னபோது, அவர் பாரீஸில் அது தூவிய பாஸ்தாவை நாலு நாள் சாப்பிட்டிருந்தார்.

இன்ஷூரன்ஸ், விசாவுக்காகக் கட்டுகிற வரி என்றே நினைக்கிறோம். குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும் என்பது சட்டம், அதனால் இருப்பதில் மலிவானதை வாங்குகிறோம். பி.பி., சர்க்கரை, ஸ்டென்ட் எல்லாம் உள்ளவர் பாரத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதினால், அந்தக் காகிதம் விசா அதிகாரிக்கு உதவும், ஆஸ்பத்திரியில் உதவாது. மருந்துச் சீட்டில் நம் ஊர்க் கம்பெனிப் பெயர் அல்ல, மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள் டாக்டரிடம். மாத்திரை கைப்பையில். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டு நாலு நாள் கழித்து வரும், சர்க்கரை அதுவரை காத்திருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் பணமோ நேரமோ போகிற தவறுகள். கடைசியாக ஒன்று, ரசீது இல்லாதது.

பாரீஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பேல் என்று ஒரு பகுதி. தெருவில் திரும்பியதும் தமிழ் போர்டுகள். மளிகைக் கடை, புடவைக் கடை, வீடியோ கடையாக இருந்து செல்போன் கடையானது, வடையும் கொத்துரொட்டியும் கிடைக்கிற ஓட்டல்கள். எல்லாம் இலங்கைத் தமிழர்கள் கட்டி எழுப்பியது. வருஷா வருஷம் மாணிக்க விநாயகர் தேர் இந்தத் தெருக்களில் ஓடும், பாரீஸ் ரோட்டில் தேங்காய் உடையும். மூன்று நாள் ரொட்டி தின்ற மாமாவுக்கு அந்தக் கடைவாசல் வாசனையில் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் மிளகாய் வடாமும் மோரும் வாங்கினார். கல்லாவில் ஐம்பது வயதுக்காரர்.

"எங்கயிருந்து வாறியள்?" என்று அன்பாகக் கேட்டார்.

பாம்பே என்றார் மாமா. பேச்சு ருசியில் தொடர்ந்தார். "நீங்க எப்போ வந்தேள்? 83 கலவரத்துலயா? அப்பா அம்மாவெல்லாம் இருக்காளா? சண்டைதான் 2009-லயே முடிஞ்சுடுத்தே, எப்போ திரும்பிப் போறதா உத்தேசம்?"

பின்னால் ஐந்து பேர் க்யூவில் நின்றார்கள். கடைக்காரர் சில்லறையை எண்ணி வைத்தார். "வேற என்னவும் வேணுமோ?" என்றார். அவ்வளவுதான். மாமி வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களை இதே கேள்வி கேட்டா இல்லையா, மறந்துடுத்தா?"

மறக்கவில்லை. 1960-களின் கடைசி. சிவசேனை 1966-ல் ஆரம்பித்தபின், 'மதராசி'கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பி, தென்னிந்தியர் ஓட்டல்கள்மீது கல் விழுந்த நாட்கள். மாமா அப்போது மாட்டுங்கா பள்ளிக்கூடத்துப் பையன். டிராமில்லாத டிராம் டெர்மினஸ் ஓரம் நடந்து வரும்போது ஒரு பெரியவர், கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே கேட்டாராம். "எப்போ ஊருக்குத் திரும்பிப் போகப் போறீங்க?" தன் ஊர் இதுதானே என்று நினைத்துக்கொண்டிருந்த பையனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான், ஐம்பது வருஷத்துக்குமேல் பத்திரமாக வைத்திருந்து, பாரீஸில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்.

"அன்னிக்கு ராத்திரி சரியாத் தூக்கம் வரல்லே" என்றார் என்னிடம். ஹீத்ரோ கதையைப் பத்து பேரிடம் சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் மட்டும், அதுவும் மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சொன்னார். ஊர் பெயரைச் சொல்லி, வடாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அவராக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம். அடுத்த தடவை பாரீஸ் போனால் அந்தக் கடைக்கு முதலில் போகவேண்டும் என்கிறார். போய் என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

அடுத்த தடவை உண்டு. மறுபடி விண்ணப்பம், மறுபடி 90 யூரோ தலைக்கு. 2024 ஏப்ரலில் வந்த புது விதிப்படி, மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசாவை ஒழுங்காக உபயோகித்த இந்தியர்களுக்கு, பலமுறை போய்வரும் இரண்டு வருஷ விசா கிடைக்கலாம். மாமாவின் பழைய விசாவில் ஒரு தவறும் பதிவாகவில்லை, நுழைந்தார், வெளியேறினார். ஆகவே இது இரண்டாவது.

போன வாரம் பாஸ்போர்ட்டுகள் வந்தன. மாமா எனக்கு ஆள் அனுப்பினார். போனால், டைனிங் டேபிளில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியோடு மாமி விசாவைப் படித்துக்கொண்டிருந்தாள். தேதி படித்தாள். நாள் படித்தாள், விரல் விட்டு எண்ணினாள். பிறகு நின்றாள்.

"எம், யூ, எல், டி."

"மல்ட்டிபிள்" என்றார் மாமா. "எத்தனை தடவை வேணா உள்ளே வெளியே போகலாம்."

"இந்தத் தடவை லண்டன் போறோமா?"

"இல்லை. நேரே ஜூரிக்தான்."

"அப்போ எதுக்கு இது?"

"இருக்கட்டும்" என்றார் மாமா.

மாமி கண்ணாடியை வைத்துவிட்டு, ஸ்வெட்டர்களை வெயிலில் போடப் பால்கனிக்குப் போனாள்.